"போறன்" என்று சொல்லாதீர்கள்: கொழும்பில் செமஸ்டர் முடிந்து நண்பர்களைப் பிரிகிறவர்களுக்கு

மாணவர் பரிமாற்றத்தில் ஆறு மாதத்துக்கோ ஒரு வருடத்துக்கோ கொழும்புக்கு வருகிறவர்களுக்கு, வந்து இறங்கும்போது வழிசொல்ல ஆள் இருக்கும். பஸ் எங்கே நிற்கும், சிம் எங்கே எடுப்பது, எந்தக் கடையில் இடியப்பம் மெத்தென்று இருக்கும் என்பதெல்லாம் முதல் கிழமையிலேயே தெரிந்துவிடும். திரும்பிப் போகும்போது எப்படிப் போவது என்று மட்டும் ஒருவரும் சொல்லித் தருவதில்லை. கடைசி மூன்று நாளில் பெட்டி கட்டுவதா, நூலகப் புத்தகத்தைக் கொடுப்பதா, ஆட்களைப் பார்ப்பதா என்று ஓடித் திரிந்து, பார்த்தே ஆகவேண்டிய நாலு பேரைப் பார்க்காமல் விமானம் ஏறியவர்கள் எனக்குத் தெரிந்தே நிறையப் பேர். வெள்ளவத்தையில் எங்கள் வீட்டு மேல்மாடி அறையில் சில வருடங்களாக இப்படி வரும் பிள்ளைகள் போர்டிங் இருக்கிறார்கள். நானும் ஒரு செமஸ்டர் சென்னைக்குப் படிக்கப் போய் இதே பிழையைச் செய்துவிட்டு வந்தவள்தான். இரண்டு பக்கமும் நின்று பார்த்த தைரியத்தில் இதை எழுதுகிறேன்.

முதலில் அந்தச் சொல்

வாசலில் நின்று "நான் போறன்" என்று மட்டும் சொல்லாதீர்கள். இங்கே அது சாவீட்டுச் சொல் மாதிரி. "போயிட்டு வாறன்" என்றுதான் சொல்ல வேண்டும், அடுத்த தெருவுக்குப் போனாலும் சரி, அடுத்த கண்டத்துக்குப் போனாலும் சரி. தமிழ்நாட்டிலிருந்து வருகிறவர்களுக்கு இது பழகிய வழக்கம், அவர்கள் தடுமாறுவதில்லை. கனடாவிலும் லண்டனிலும் பிறந்து வளர்ந்த நம் பிள்ளைகள்தான் மாட்டிக்கொள்வார்கள். அப்படி ஒரு பிள்ளை பெட்டியெல்லாம் வான் வண்டியில் ஏற்றியபிறகு "சரி அன்ரி, நான் போறன்" என்று சொல்ல, என் அம்மா அவளைத் திரும்ப உள்ளே கூட்டிப்போய்க் கதிரையில் இருத்தி, ஒரு மிடறு தண்ணீர் குடிக்க வைத்து, "இப்ப போயிட்டு வாறன் எண்டு சொல்லிப்போட்டு வெளிக்கிடு" என்றார். வெளியே வான்காரர் ஹோர்ன் அடித்துக்கொண்டிருந்தார். அம்மாவுக்கு அது காதிலேயே விழவில்லை.

சிங்கள நண்பர்களிடமும் இதே கதைதான். "கிஹின் என்னம்" என்பார்கள், சொல்லுக்குச் சொல் "போய் வருகிறேன்". இந்த இரண்டு சொல்லை மட்டும் உச்சரிப்போடு பழகி வைத்துக்கொள்ளுங்கள், நீங்கள் சிங்களத்தில் வேறொன்றும் கற்காவிட்டாலும் பரவாயில்லை. முஸ்லிம் நண்பர்கள் பெரும்பாலும் வீட்டில் தமிழ் பேசுகிறவர்கள்தான், ஸலாமோடு அதே "போயிட்டு வாறன்" அங்கேயும் செல்லும்.

இன்னும் ஒன்று. வெளிக்கிட்டுவிட்ட ஆளைப் பின்னால் நின்று கூப்பிட மாட்டார்கள், "எங்க போறாய்" என்றும் கேட்க மாட்டார்கள். அதனால் நீங்கள் போன் சார்ஜரை மேசையில் விட்டுவிட்டு இறங்கினால், யாராவது சத்தமில்லாமல் பின்னால் ஓடிவந்து கையில் தருவார்கள்.

மூன்று கிழமைக்கு முன்பே நாட்காட்டியை எடுங்கள்

பிரியாவிடை என்றால் கடைசி நாளில் நடப்பது என்று நினைப்பதுதான் எல்லாக் குழப்பத்துக்கும் காரணம். கடைசி நாளில் நீங்கள் மட்டும்தான் கொழும்பில் இருப்பீர்கள், உங்கள் நண்பர்கள் இருக்க மாட்டார்கள். காரணம் எளிது. பல்கலைக்கழகத்தில் உங்களோடு படிக்கிறவர்களில் நிறையப் பேர் கொழும்புக்காரர் இல்லை. யாழ்ப்பாணம், மட்டக்களப்பு, வவுனியா, ஹற்றன், மாத்தறை என்று ஊர் ஊராக வந்து போர்டிங்கிலும் விடுதியிலும் இருப்பவர்கள். கடைசிச் சோதனை பின்னேரம் முடிந்தால் அன்றிரவே யாழ்ப்பாண பஸ்ஸில் ஏறிவிடுவார்கள். காலி வீதியில் வெள்ளவத்தைப் பக்கம் இரவு எட்டு ஒன்பது மணிக்கு நின்று பாருங்கள், பெட்டியும் தலையணையுமாக அரைவாசி வகுப்பு பஸ்ஸுக்கு நிற்கும். சோதனை மண்டபத்துக்கு வெளியே "பிறகு பார்ப்போம்" என்று கைகாட்டியதுதான் பலருக்குக் கடைசிச் சந்திப்பாகப் போயிருக்கிறது.

எனவே சோதனைக் கால அட்டவணை வந்த அன்றே நெருங்கிய நண்பர்களிடம் "நீ எப்ப ஊருக்குப் போறாய்" என்று கேட்டு எழுதி வையுங்கள். வெளிக்கிடும்போதுதான் அப்படிக் கேட்கக் கூடாது, மூன்று கிழமைக்கு முன்பு கேட்கலாம்.

நாட்காட்டியில் இன்னும் சிலதைப் பார்க்க வேண்டும். போயா தினம்: ஒவ்வொரு பௌர்ணமியும் இங்கே அரச விடுமுறை, அன்றைக்கு இறைச்சியும் மதுவும் விற்க மாட்டார்கள். நாங்கள் ஒருமுறை வீட்டில் பிரியாணி போட்டு ஒரு மலேசியப் பிள்ளையை வழியனுப்புவது என்று பன்னிரண்டு பேரைக் கூப்பிட்டுவிட்டோம். காலையில் கோழி வாங்கப் போனால் கடை பூட்டு, சுப்பர் மார்க்கெட்டில் இறைச்சி வைக்கும் பக்கம் மூடிக் கிடந்தது. நாட்காட்டியைப் பார்த்தவர் ஒருவருமில்லை. முட்டை வாங்கி ஒப்பேற்றினோம். ஏப்ரல் 13, 14 புத்தாண்டை ஒட்டி நகரமே காலியாகிவிடும், கடைகளும் பல நாள் திறக்காது, அந்தக் கிழமையில் ஒன்றும் வைக்காதீர்கள். வெள்ளிக்கிழமை சைவ நண்பர்கள் பலர் மச்சம் (மீன், இறைச்சி) சாப்பிட மாட்டார்கள். ஆடி ஆவணியில் நல்லூர்த் திருவிழா நடக்கும் 25 நாளும் கொழும்பில் இருக்கிற யாழ்ப்பாணத்து வீடுகளில்கூட மரக்கறிதான். நோன்பு மாதம் என்றால் பிரியாவிடையை நோன்பு துறக்கும் நேரத்துக்கு வைத்துவிடுங்கள். கஞ்சியோடு தொடங்கும் சந்திப்பு, தனியாக வைக்கிற விருந்தைவிட நன்றாகவே இருக்கும்.

வீசா முடியும் திகதியையும் டிக்கெட் திகதியையும் பக்கத்தில் வைத்துப் பாருங்கள். சோதனை முடிந்ததும் நண்பர்களோடு இரண்டு கிழமை ஊர் சுற்றிவிட்டுப் போகலாம் என்று நினைக்கிறவர்கள் அந்த இரண்டு கிழமையும் வீசாவுக்குள் வருகிறதா என்று முதலிலேயே உறுதிசெய்யுங்கள். இல்லையென்றால் பத்தரமுல்லையில் குடிவரவுத் திணைக்கள வரிசையில் நின்றே அந்த நாட்கள் போய்விடும்.

பெயர்ப் பட்டியல்

ஒரு தாளில் பெயர் எழுதுங்கள். போனில் வேண்டாம், தாளில். முதலில் வருகிற பெயர்கள் எல்லாருக்கும் தெரிந்தவை: பட்ச்மேட்ஸ், அறையில் கூட இருந்தவர், திட்டத்தில் உங்களோடு வந்த மற்றவர்கள். அதற்குப் பிறகு பேனாவை மூடாமல் ஒரு சாதாரண நாளை காலையிலிருந்து நினைத்துப் பாருங்கள். காலையில் கேட்டைத் திறந்துவிடுகிற செக்குரிட்டி அங்கிள், நீங்கள் வரும்போதே மாலு பாணையும் (மீன் வைத்த பண்) பிளேன்டீயையும் எடுத்து வைக்கிற கன்டீன்காரர், மழை நாளில் கடன் சொல்லி ஏற்றிவந்த ஆட்டோக்காரர், நூலகக் கவுண்டரில் இருக்கும் அக்கா, கீழ்க் கடையில் ரீலோட் போட்டுத் தருகிற தம்பி. இவர்கள் பெயர் உங்களுக்குத் தெரியாமல்கூட இருக்கலாம். நீங்கள் திடீரென்று வராமல் விட்டால் நாலு நாள் கழித்துப் பக்கத்தில் இருப்பவரிடம் "அந்தப் பிள்ளைக்குச் சுகமில்லையோ" என்று கேட்பவர்கள் இவர்கள்தான்.

இவர்களிடம் போகப் பெரிய ஏற்பாடு ஒன்றும் தேவையில்லை. ஒரு நாள் கூட்டமில்லாத நேரமாகப் போய், "அடுத்த கிழமை நான் ஊருக்குத் திரும்புறன், அதுதான் சொல்லிப்போட்டுப் போக வந்தனான்" என்றால் போதும். சிங்களம் பேசுகிறவர் என்றால் "அய்யா" என்று கூப்பிட்டே தொடங்கலாம். சிங்களத்தில் அய்யா என்றால் அண்ணன், தமிழில் என்ன என்று உங்களுக்குத் தெரியும், இரண்டு வழியிலும் மரியாதைதான். அக்கா இரண்டு மொழியிலும் அக்காவேதான். உங்களைவிட இளையவர் என்றால் மல்லி, நங்கி.

சொல்லப்போன அன்றைக்குக் கன்டீன்காரர் காசு வாங்க மறுப்பார். ஒருமுறை வற்புறுத்துங்கள். இரண்டாம் முறையும் மறுத்தால் வாங்கிக் குடித்துவிட்டு வாருங்கள்.

கடன்கள்

வாங்கினதை எல்லாம் திருப்பிக் கொடுப்பது பிரியாவிடையின் பாதி. குடை, கல்குலேட்டர், நோட்ஸ், ஆடி வேல் பார்க்கப் போகக் கடன் வாங்கிய சேலை, ஹீட்டர் ஜக். ஒவ்வொன்றையும் கொண்டுபோய்க் கொடுப்பதே ஒரு சந்திப்புக்குக் காரணம். கூப்பிட்டு "உன்னைப் பார்க்க வேணும்" என்று சொல்லக் கூச்சப்படுகிறவர்களுக்கு இது பெரிய உதவி. குடையைக் கொடுக்கப் போய் இரண்டு மணித்தியாலம் கதைத்துவிட்டு வந்தவர்கள் உண்டு. ஆகவே எல்லாவற்றையும் ஒரே பையில் போட்டு ஒருவரிடம் கொடுத்து "எல்லாருக்கும் குடுத்துவிடு" என்று சொல்லாதீர்கள்.

யார் வீட்டிலிருந்தாவது சாப்பாடு வந்த பாத்திரம் உங்களிடம் இருந்தால் அதை வெறுமையாகத் திருப்பிக் கொடுக்கக் கூடாது. உள்ளே கொஞ்சம் சீனியோ, இரண்டு வாழைப்பழமோ, ஒரு பிஸ்கட் பக்கெட்டோ வைத்துக் கொடுங்கள். போர்டிங் பிள்ளைகளிடம் எப்போதும் குறைந்தது மூன்று வீட்டு டப்பா கிடக்கும். எது யாருடையது என்று இப்போதே கேட்டு வைத்தால் கடைசி இரவில் மூடி ஒரு பக்கமும் டப்பா ஒரு பக்கமுமாக நிற்க வேண்டியதில்லை.

காசுக் கடனும் அப்படித்தான். பஸ்ஸுக்குக் கொடுத்தது, கொத்துக்குக் கொடுத்தது என்று சில நூறு ரூபாய் யாருக்காவது கட்டாயம் இருக்கும். கேட்டால் "சும்மா விடு மச்சான்" என்பார்கள். (மச்சான் என்ற சொல் தமிழருக்கும் சிங்களவருக்கும் பொது, ஆண் பெண் பார்க்காமலும் சில கூட்டத்தில் ஓடும்.) விடாதீர்கள், கொடுத்துவிடுங்கள். கொடுக்க முடியாத அளவு பிடிவாதம் பிடித்தால் அன்றைய கொத்துக்கு நீங்கள் காசு கட்டிவிடுங்கள், கணக்குச் சரி.

கூட்டமாக ஒரு முறை, தனித்தனியாகப் பல முறை

இனி என் பிழையைச் சொல்கிறேன். சென்னையில் கடைசி நாள் ஒரு உணவகத்தில் இருபத்திரண்டு பேர் கூடினோம். மேசை நீளம் காரணமாக அந்தக் கோடியில் இருந்தவர்களோடு கைகாட்ட மட்டும்தான் முடிந்தது. மீதி நேரமெல்லாம் போட்டோ. என்னோடு ஐந்து மாதம் ஒரே அறையில் இருந்த திருநெல்வேலிக்காரி அன்று காலை வீட்டிலிருந்து அவசர அழைப்பு வந்து ரயிலேறிவிட்டாள். "சாயங்காலம் பார்க்கலாம்" என்று அதற்கு முந்தின இரவு இருவருமே தூங்கப் போயிருந்தோம். காய்ச்சலில் கிடந்தபோது இரவு முழுக்க என் நெற்றியில் துணி நனைத்துப் போட்டவள் அவள். அவளுக்கு நான் சொன்ன கடைசி வார்த்தை, "லைட்டை அணைச்சிடு."

ஆகவே ஒழுங்கைத் தலைகீழாக மாற்றுங்கள். முதலில் தனித்தனிச் சந்திப்புகள், மிக நெருங்கிய நாலைந்து பேருக்கு ஆளுக்கு ஒரு பின்னேரம். கூட்டமான பிரியாவிடை கடைசியில், அதுவும் புறப்படுவதற்கு மூன்று நாலு நாள் முன்பு. அன்றைக்கு வேண்டியது சிரிப்பும் போட்டோவும் மட்டும்தான், மனதில் உள்ளதை ஏற்கெனவே சொல்லி முடித்திருப்பீர்கள்.

எங்கே சந்திப்பது? எல்லாரும் முதலில் சொல்வது காலிமுகத்திடல். 1859இல் ஆளுநர் ஹென்றி வோட் நகரத்துப் பெண்களும் பிள்ளைகளும் காற்று வாங்கட்டும் என்று அமைத்து முடித்த இடம், இன்றுவரை அந்த வேலையைத்தான் செய்கிறது. பட்டம், இறால் வடை, மாங்காய்க்கு மிளகாய்த்தூள், ஆறு மணியை ஒட்டிச் சூரியன் கடலுக்குள் இறங்குவது, எல்லாம் உண்டு. கூட்டமாகப் போக அதைவிட நல்ல இடம் கிடையாது. ஆனால் தனியே மனம்விட்டுக் கதைக்க அது சரிவராது. காற்று வார்த்தையைப் பறித்துக்கொண்டு போய்விடும், நீங்கள் "உன்னை நான் மறக்க மாட்டன்" என்று சொல்ல, அவர் "என்ன, வடையோ?" என்று கேட்பார்.

கதைக்க நான் சொல்வது ரயில். கோட்டை நிலையத்தில் ஏறினால் கொம்பனித்தெரு, கொள்ளுப்பிட்டி, பம்பலப்பிட்டி, வெள்ளவத்தை, தெஹிவளை என்று கடலை ஒட்டியே ஓடிக் கல்கிசைக்குப் போய்விடும். டிக்கெட் ஒரு பிளேன்டீக் காசை விடப் பெரிதாக இராது. அலுவலகம் விடுகிற நேரத்தில் மட்டும் போகாதீர்கள், தொங்கிக்கொண்டு பிரியாவிடை சொல்ல முடியாது. பகல் பதினொரு மணி, இரண்டு மணி போல என்றால் இருக்க இடம் கிடைக்கும். பக்கத்தில் பக்கத்தில் இருந்து இருவரும் கடலைப் பார்த்துக்கொண்டிருக்கும்போது, முகத்துக்கு நேரே வராத கதையெல்லாம் தானாக வரும். கல்கிசையில் இறங்கிக் கொஞ்சம் நடந்துவிட்டு அதே பாதையில் திரும்பலாம். அதுக்கும் நேரமில்லை என்றால் வெள்ளவத்தையில் மரைன் டிரைவ் பக்கம் கல்லில் இருங்கள், விகாரமகாதேவி பூங்காவில் ஒரு மரத்தடியைப் பிடியுங்கள். ஒக்ரோபர் நவம்பரில் பின்னேரம் இடி மழை வரும், மே மாதத்திலிருந்து தென்மேல் பருவம். குடையைத் திருப்பிக் கொடுப்பதைக் கடைசிக்கு வைத்துக்கொள்ளுங்கள்.

கூட்டத்துக்கு இடம் தேர்கிறபோது ஹலாலும் மரக்கறியும் இரண்டும் கிடைக்கிற கடையாகப் பாருங்கள், காலி வீதியில் அப்படியானவை நிறைய. பெண்கள் விடுதிகளிலும் பல போர்டிங்குகளிலும் இரவில் குறித்த நேரத்தில் கேட் பூட்டிவிடுவார்கள், எனவே இரவு எட்டு மணி விருந்து என்றால் பாதித் தோழிகள் வர மாட்டார்கள், வர முடியாது என்று சொல்லவும் கூச்சப்படுவார்கள். மத்தியானச் சாப்பாடாக வையுங்கள். காசு யார் கட்டுவது என்பதில் சண்டை நடக்கும். கூப்பிட்டவர் கட்டுவதுதான் இங்கே வழக்கம், ஆனால் போகிற ஆளைக் கட்ட விட மாட்டோம் என்று மற்றவர்கள் நிற்பார்கள். இதில் நான் கண்ட நல்ல வழி, சாப்பாட்டை அவர்களிடம் விட்டுவிட்டு, வெளியே வந்ததும் ஐஸ்கிரீமை நீங்கள் வாங்கிக் கொடுப்பது.

என்ன சொல்வது

நண்பர்களுக்குள் "நன்றி" என்று வாய்விட்டுச் சொல்வது நம்மிடம் வழக்கமில்லை. சொன்னால் எதிரில் இருப்பவர் நெளிவார், "என்ன பெரிய மனுசர் மாதிரிக் கதைக்கிறாய்" என்பார். சிங்கள நண்பர்களிடமும் "ஸ்துதி" மேடையில் பேசுகிறது மாதிரித்தான் இருக்கும். அந்தச் சொல்லுக்குப் பதிலாக நடந்த ஒன்றைச் சொல்லுங்கள். "முதல் நாள் புறக்கோட்டையில பஸ் தெரியாம நிண்டனே, அண்டைக்கு நீ வராட்டி நான் அழுதிருப்பன்." இது போதும், மற்றதை அவர்கள் விளங்கிக்கொள்வார்கள். ஒவ்வொருவருக்கும் இப்படி ஒரு நிகழ்ச்சி பெயர்ப் பட்டியலில் பெயருக்குப் பக்கத்தில் எழுதி வைத்துக்கொள்ளுங்கள், நேரே நிற்கும்போது மூளை வெறுமையாகிவிடும்.

நேரே சொல்ல வராதவர்கள் எழுதிக் கொடுங்கள். இங்கே பள்ளிக்கூடம் முடிக்கும்போது ஓட்டோகிராப் கொப்பி சுற்றவிடுகிற வழக்கம் உண்டு, எங்கள் வீட்டு அலுமாரியில் அம்மாவின் ஓட்டோகிராப் இன்னும் இருக்கிறது, ஏசல், கிண்டல், கவிதை எல்லாம் கலந்து. ஒரு சாதாரண கொப்பி வாங்கி நீங்களும் சுற்றவிடுங்கள். கடைசி நாளில் கொடுத்தால் "ஆல் தி பெஸ்ட்" என்று மட்டும் எழுதித் தருவார்கள். இரண்டு கிழமைக்கு முன் கொடுத்து, வீட்டுக்குக் கொண்டுபோய் எழுத விடுங்கள்.

விரிவுரையாளர்களைப் பார்க்க முன்கூட்டியே நேரம் கேட்டுக்கொண்டு போங்கள். சேர், மிஸ் என்றுதான் கூப்பிடுவது. சிங்கள மாணவர்கள் சிலர் ஆசிரியருக்கு வெற்றிலை அடுக்கு இரண்டு கையாலும் கொடுத்து வணங்குவார்கள். நீங்களும் செய்ய விரும்பினால் ஒரு நண்பரோடு சேர்ந்து போய் அவர் செய்வதைப் பார்த்துச் செய்யுங்கள், செய்யாவிட்டாலும் ஒருவரும் குறை சொல்ல மாட்டார்கள். பரிந்துரைக் கடிதம் தேவையென்றால் இந்தச் சந்திப்பிலேயே கேட்டுவிடுங்கள்.

கொடுப்பதும் வாங்குவதும்

விலை கூடிய பரிசு வேண்டாம். வாங்குகிறவருக்குத் திருப்பிச் செய்ய வேண்டுமே என்ற பாரம் வந்துவிடும். நான் பார்த்ததில் வருடக் கணக்கில் சுவரில் நிற்பது, ஸ்டூடியோவில் கொடுத்து அச்சடித்த போட்டோ. பின்னால் திகதியும் இடமும் எழுதிக் கொடுங்கள். போனில் இருக்கும் ஆயிரம் படத்தை ஒருவரும் திரும்பப் பார்ப்பதில்லை.

நீங்கள் விட்டுப்போகிற பொருட்கள், மின்விசிறி, ரைஸ் குக்கர், வாளி, இவற்றை "யாருக்கு வேணும்" என்று குழுவில் பொதுவாகப் போடுவதைவிட இன்னாருக்கு இது என்று நினைத்துக் கொடுங்கள். உடைந்த வாளியை நினைவுப் பொருளாக யாருக்கும் கட்டிவிடாதீர்கள்.

போர்டிங் அன்ரியிடம் சொல்லப் போகும்போது வெறுங்கையோடு போகாதீர்கள், பழமோ கேக்கோ போதும். அவர் உங்களுக்குத் தருவது அதைவிடப் பத்து மடங்கு இருக்கும். யாழ்ப்பாணத்து மிளகாய்த்தூள், பருத்தித்துறை வடை, எள்ளுப்பாகு, பனங்கட்டி, சில வீடுகளில் கருவாடுகூட. வேண்டாம் என்று சொல்லவும் முடியாது, அதனால் பெட்டியில் மூன்று நாலு கிலோவுக்கு இப்போதே இடம் விட்டு வையுங்கள். மிளகாய்த்தூளை மூன்று பைக்குள் போட்டுக் கட்டுங்கள். ஒரு பையை நம்பிச் சென்னைக்குக் கொண்டுபோய், ஒரு கிழமை தும்மிக்கொண்டே உடுப்புப் போட்டவள் சொல்கிறேன். கித்துள் பாணி, ஊறுகாய் போன்றவை கைப்பையில் விட மாட்டார்கள், பெட்டிக்குள் வையுங்கள். அவுஸ்திரேலியா, நியூசிலாந்து போகிறவர்கள் சாப்பாட்டுச் சாமான் எதுவாக இருந்தாலும் இறங்கும்போது படிவத்தில் குறிப்பிட வேண்டும். மறைத்தால் அபராதம்.

அன்பில் சிலர் பழைய குத்துவிளக்கு, ஏட்டுச் சுவடி, தாத்தா காலத்துப் பெட்டி என்று எடுத்துத் தருவார்கள். 50 வருடத்துக்கு மேற்பட்ட பழம்பொருளைத் தொல்பொருள் திணைக்கள அனுமதி இல்லாமல் நாட்டுக்கு வெளியே கொண்டுபோக முடியாது. கடற்கரையில் பொறுக்கிய பவளத் துண்டையும் கொண்டுபோகக் கூடாது. இதைச் சொல்லி மரியாதையாகத் திருப்பிக் கொடுங்கள், "அடுத்த முறை வந்து பாக்கிறன், இங்கேயே இருக்கட்டும்" என்றால் அவர்களுக்கும் சந்தோசம்.

போன் எண்

இது சின்ன விசயம், ஆனால் இதில்தான் பல நட்பு அறுந்துபோகிறது. உங்கள் வாட்ஸ்அப் இலங்கை எண்ணில் இருந்தால், அந்த சிம் வேலை செய்யும்போதே செட்டிங்ஸில் போய் எண்ணை மாற்றிவிடுங்கள். பாவிக்காமல் விட்ட எண் கொஞ்சக் காலத்தில் வேறு ஒருவருக்குப் போய்விடும். அப்புறம் உங்கள் பிறந்தநாளுக்கு எங்கேயோ குருநாகலில் இருக்கிற ஒருவருக்கு வாழ்த்துப் போகும்.

"கிழமைக்கு ஒரு முறை கோல் எடுப்பேன்" என்று வாக்குக் கொடுக்காதீர்கள். இரண்டாம் மாதம் எடுக்க மாட்டீர்கள், குற்ற உணர்ச்சியில் மூன்றாம் மாதம் மெசேஜும் போட மாட்டீர்கள். இந்தியா என்றால் நேரம் ஒன்றுதான். மலேசியா, சிங்கப்பூர் இரண்டரை மணித்தியாலம் முன்னால். லண்டன் கோடையில் நாலரை, குளிரில் ஐந்தரை மணித்தியாலம் பின்னால், ரொரன்றோ ஒன்பதரையோ பத்தரையோ பின்னால். அங்கே நீங்கள் வேலை முடிந்து இருக்கும் நேரம் இங்கே விடிகாலை. இதற்கு வாய்ஸ் மெசேஜ்தான் தோது, அவர்கள் பஸ்ஸில் போகும்போது கேட்டுக்கொள்வார்கள்.

கட்டுநாயக்க

விமான நிலையம் கொழும்பிலிருந்து 30 கிலோமீற்றருக்கு மேல். 2013இல் அதிவேகப் பாதை திறந்தபிறகு ஓட்டம் சுருங்கிவிட்டது, ஆனால் அந்தப் பாதையில் ஏறும்வரை நகரத்துக்குள் இருக்கிற நெரிசல் அப்படியேதான். கோட்டையிலிருந்து 187 இலக்க பஸ் போகிறது, பெட்டி ஒன்றுதான் என்றால் அது போதும்.

ஆனால் உங்களைப் பஸ்ஸில் விட மாட்டார்கள். வழியனுப்பப் போவது என்றால் இங்கே வான் பிடிப்பது, ஒரு ஆள் பறக்கப் பத்துப் பேர் வானில் ஏறுவது. பாட்டு, சாப்பாட்டுப் பொதி, நித்திரை விழுந்த குழந்தை எல்லாம் கூடவே வரும். விமானம் நள்ளிரவு என்றால் வருகிறவர்கள் திரும்பிப் போக மூன்று மணியாகும், அடுத்த நாள் அவர்களுக்கு வகுப்போ வேலையோ இருக்கும். என்னைக் கேட்டால் இரண்டு மூன்று பேரோடு நிறுத்துங்கள், மற்றவர்களுக்கு வீட்டு வாசலிலேயே சொல்லிவிடுங்கள். சொன்னாலும் பத்துப் பேர் ஏறத்தான் ஏறுவார்கள். ஏறினால் விடுங்கள். மூன்று மணித்தியாலத்துக்கு முன் போய்ச் சேருகிற மாதிரி நேரத்தை மட்டும் நீங்கள் கையில் வைத்திருங்கள்.

வெளிக்கிடுமுன் சாமியறையில் திருநீறு பூசிவிடுவார்கள், எந்தச் சமயம் என்றாலும் குனிந்து கொடுங்கள். கடவுச்சீட்டு, டிக்கெட், திறப்பு (சாவி). ஆம், போர்டிங் திறப்பு உங்கள் பொக்கெட்டில் இருக்கிறதா என்று பாருங்கள். எங்கள் மேல்மாடித் திறப்பு ஒன்று இப்போது கோலாலம்பூரில் இருக்கிறது.

விமான நிலைய வாசலில் பொதிகளை ஸ்கேன் பண்ணுகிற இடத்தில் வரிசை நகரும்போது கட்டிப்பிடிக்க நேரமிருக்காது, அதனால் வானுக்குப் பக்கத்திலேயே எல்லாம் முடித்துக்கொள்ளுங்கள். அழுகை வந்தால் அழுங்கள், அந்த இடத்தில் நிற்கிற பாதிப் பேர் மத்திய கிழக்குக்கு வேலைக்குப் போகிறவர்களையும் வெளிநாட்டில் இருந்து வந்து திரும்புகிறவர்களையும் விட வந்தவர்கள், உங்களை ஒருவரும் விசித்திரமாகப் பார்க்க மாட்டார்கள்.

ஊரில் இறங்கியதும் முதல் வைஃபை கிடைக்கிற இடத்தில் "வந்து சேந்திட்டன்" என்று ஒரு வரி போடுங்கள், குளித்துச் சாப்பிட்டுவிட்டு ஆறுதலாகப் போடலாம் என்று வைக்காதீர்கள். இங்கே அன்ரி இன்னும் படுத்திருக்க மாட்டார்.